ஓ.டி. லெட்டரும் ரெக்கார்டு நோட்டும்: கல்லூரி அணியில் ஆடிக்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்கு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பவானிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே ஆடிவிட்டுக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள்தான் அழைப்பார்கள். "அக்கா, ஜோனல் மேட்சும் இன்டர்னலும் ஒரே வாரத்துல வருது. பி.டி. சார் வந்தே ஆகணும்கிறார். மேடம் டெஸ்ட்டை விட்டா மார்க் கிடையாதுங்கிறாங்க. நான் என்னக்கா பண்ணட்டும்?"

போனில் ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் 2014 முதல் 2018 வரை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. படித்தேன். நான்கு வருடமும் கல்லூரி அணியில் செட்டர். கடைசி இரண்டு வருடம் பல்கலைக்கழக அணியிலும் ஆடினேன். இப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பார்க்கிறேன். அந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது பட்டச் சான்றிதழையும் கேட்டார்கள், பல்கலைக்கழகத்துக்காக ஆடிய சான்றிதழையும் கேட்டார்கள். ஒன்று இருந்து இன்னொன்று இல்லையென்றால் என் விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டியிருக்காது. அதனால்தான் "விளையாட்டா, படிப்பா" என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியையே நான் ஒத்துக்கொள்வதில்லை.

விளையாடும் பிள்ளைகள் படிப்பில் சறுக்குவதற்கு ஒரு காரணத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போட்டிக்குக் கிளம்பும் முன் முடித்திருக்க வேண்டிய வேலையை, திரும்பி வந்த பிறகுதான் தொடுகிறார்கள். அதற்குள் வகுப்பு ஒரு யூனிட் தாண்டிப் போயிருக்கும், உடம்பும் ஓய்ந்திருக்கும். கீழே நான் சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் ஒரு சார்ட் பேப்பர்

காலை நாலரைக்கு எழுவேன், ஐந்து முதல் ஏழு வரை பயிற்சி, இரவு எட்டு முதல் பதினொன்று வரை படிப்பு என்று தினசரி அட்டவணை போடாதீர்கள். நானும் முதல் வருடம் அழகாகப் போட்டு ஹாஸ்டல் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் பயிற்சி அரை மணி நேரம் நீண்டது, நான்காம் நாள் மெஸ்ஸில் தாமதம், அதோடு அட்டவணை செத்துப்போயிற்று. அது செத்ததும், இனி எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதுதான் ஆபத்து.

நாளைத் திட்டமிடுவதை விட்டுவிட்டு செமஸ்டரைத் திட்டமிடுங்கள். ஒரு சார்ட் பேப்பரில் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வாரம் வாரமாகக் கட்டம் போடுங்கள். கல்லூரி கொடுக்கும் அகாடமிக் காலண்டரைப் பார்த்து இன்டர்னல் தேர்வுகள், லேப் மாடல், செமஸ்டர் தேர்வு ஆகியவற்றை ஒரு நிறத்தில் எழுதுங்கள். அப்புறம் பி.டி. சாரிடம் போய், கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஜோனல், இன்டர்ஜோனல், பல்கலைக்கழகத் தேர்வு முகாம், தென்மண்டலப் போட்டி எல்லாம் எந்த மாதம் வரலாம் என்று கேட்டு வேறு நிறத்தில் எழுதுங்கள். தேதி உறுதியாகாவிட்டாலும் பரவாயில்லை, போன வருடம் எப்போது நடந்தது என்பது அவருக்குத் தெரியும். வாலிபால் போன்ற குழு ஆட்டங்களில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே முதலில் மண்டலப் போட்டி நடக்கும். அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. ஆக, ஜெயித்தால் இன்னொரு பயணம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தோற்போம் என்று நினைத்துத் திட்டம் போடக் கூடாது.

எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் செமஸ்டர் தேர்வுகள் தள்ளிப்போனபோது என் அட்டவணை முழுவதையும் அழித்து எழுத வேண்டியிருந்தது.

எழுதி முடித்தால் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு நிறமும் ஒரே கட்டத்தில் விழும் வாரங்கள் ஐந்தோ ஆறோதான் இருக்கும். மற்ற வாரங்களில் நீங்களும் எல்லா மாணவர்களையும் போலத்தான். அந்த ஆறு வாரங்களின் சுமையை அதற்கு முந்தைய வாரங்களுக்கு நகர்த்துவதுதான் உங்கள் வேலை. ஜூலையில் யாரும் படிக்க மாட்டார்கள். நீங்கள் படிக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டிலேயே முதல் இரண்டு யூனிட்டை முடித்து வைத்தவளுக்கு அக்டோபரில் வயிறு கலங்காது.

ஓ.டி. லெட்டர்

ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி: கல்லூரிக்காக ஆடப் போன நாட்களையும் வருகையாகக் கணக்கிடக் கேட்கும் லெட்டர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வருடம், மூன்றாவது செமஸ்டர். ஜோனல் போட்டிக்கு நான்கு நாள், இன்டர்ஜோனலுக்கு ஐந்து நாள் போய்விட்டு வந்தேன். பி.டி. சார் லெட்டர் கொடுப்பார் என்று நான் இருந்தேன். நான் வந்து வாங்கிக்கொள்வேன் என்று அவர் இருந்தார். மூன்று வாரம் கழித்து லெட்டரைக் கொண்டுபோனால் எங்கள் கிளாஸ் அட்வைசர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது. "மாதம் முடிஞ்சு அட்டெண்டன்ஸ் அனுப்பியாச்சும்மா, இனிமே மாத்த முடியாது" என்றார். நோட்டீஸ் போர்டில் என் பெயருக்கு நேரே 71 சதவீதம் என்று இருந்தது. அந்த ஒரு வாரம் நான் ஏறி இறங்கிய படிகள் மைதானத்தில் ஓடியதைவிட அதிகம்.

அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். உடல்நலக் காரணத்தாலோ விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டதாலோ குறைந்திருந்தால் 65 வரை அனுமதிப்பார்கள், ஆனால் கல்லூரி முதல்வர் சான்றொப்பமிட்ட கலந்துகொண்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்தக் காகிதம் என்னிடம் இருந்ததால்தான் நான் தப்பித்தேன். கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதி வேறாக இருக்கும். சேர்ந்த முதல் மாதமே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு நான் லெட்டர் எழுதும் முறையே மாறிவிட்டது. பி.டி. சார் எழுதும்வரை காத்திருக்காமல் நானே தட்டச்சு செய்து கொண்டுபோய் அவரிடம் கையெழுத்து வாங்குவேன். பெயர், பதிவு எண், வகுப்பு, பிரிவு, போட்டியின் பெயர், இடம், தேதி. இதெல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். எல்லோரும் மறப்பது பயண நாட்களை. போட்டி 14 முதல் 17 வரை என்றால், 13 மதியம் கிளம்பி 18 காலையில்தான் வந்து சேருவோம். 13 மதியம் இரண்டு பீரியட், 18 காலை மூன்று பீரியட் என்று தனியாக எழுத வேண்டும். இப்படி ஒவ்வொரு பயணத்துக்கும் ஐந்து பீரியட் கசிந்தால் செமஸ்டர் முடிவில் சில நாட்களே காணாமல் போயிருக்கும்.

அடுத்து ஒரு சின்ன அட்டவணை: இந்தத் தேதி, இந்த பீரியட், இந்தப் பாடம், இந்த ஆசிரியர். அட்டெண்டன்ஸ் பதிகிறவர் தேடவே வேண்டியதில்லை. கையெழுத்து வரிசை எங்கள் கல்லூரியில் பி.டி. சார், கிளாஸ் அட்வைசர், எச்.ஓ.டி., முதல்வர். மூன்று நகல். ஒன்று துறை அலுவலகத்துக்கு, ஒன்று அட்வைசருக்கு, கையெழுத்தோடு ஒன்று உங்கள் ஃபைலில். கூடவே போனில் ஒரு படம். எல்லாம் கிளம்புவதற்கு முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். திரும்பி வந்த மறுநாள், போட்டியில் கொடுத்த சான்றிதழின் ஜெராக்ஸை அதே லெட்டரோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, அட்டெண்டன்ஸில் பதிந்தாயிற்றா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆசிரியர்களை நேரில் போய்ப் பார்ப்பது லெட்டரைவிட முக்கியம். ஸ்டாஃப் ரூமுக்குப் போய், "கொஞ்சம் பாத்துக்கோங்க மேம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்? "மேம், வர்ற திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் இருக்க மாட்டேன். அந்த நாலு நாள்ல எந்த டாபிக் போகும்? நான் படிச்சிட்டுப் போறேன்" என்று கேட்டுப் பாருங்கள். என் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் மேடம் அதைக் கேட்டுவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து தன் நோட்டையே எடுத்துக் கொடுத்தார். வகுப்பில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அந்த நோட்டில் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் பக்கத்தில் பச்சை மையில் அவர் போட்டிருந்த குறிப்புகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.

இன்டர்னலை விட்டால் மறுதேர்வு உண்டா என்பதையும் முன்பே கேளுங்கள். எங்கள் காலத்தில் தியரிக்கு இன்டர்னல் 20 மதிப்பெண்தான். பின்னால் வந்த 2021 ஒழுங்குமுறையில் அது தியரிக்கு 40, லேபுக்கு 60 ஆயிற்று. செமஸ்டரில் பிடித்துக்கொள்ளலாம் என்று அப்போது நாங்கள் சொல்லிக்கொண்டது இன்று செல்லாது.

லேபை ரயிலில் செய்ய முடியாது

தியரியை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். ரொட்டி வாங்க நிற்கும் வரிசையில்கூட ஒரு வரையறையைப் படித்துவிடலாம். பிரெட்போர்டையும் ஆஸிலோஸ்கோப்பையும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. அதனால் என் விதி: லேப் முதலில்.

பெரும்பாலான கல்லூரிகளில் லேபுக்கு வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்திருப்பார்கள். உங்கள் பேட்ச்சுக்கு வியாழன் லேப், மற்ற பேட்ச்சுக்குத் திங்கள் லேப் என்றால், ஊருக்குப் போகும் வாரம் திங்கட்கிழமை பேட்ச்சோடு உட்கார அனுமதி கேளுங்கள். லேப் அசிஸ்டென்ட் அண்ணாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உபகரணம் எது வேலை செய்யும், எது மக்கர் பண்ணும் என்று அவருக்குத்தான் தெரியும். முன்கூட்டியே செய்துவிட்டால் அளவீடுகள் உங்கள் கையெழுத்தில் அப்சர்வேஷன் நோட்டில் இருக்கும். அடுத்தவர் அளவீட்டைக் காப்பியடித்து ரெக்கார்டு எழுதினால் வைவாவில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ரெக்கார்டு நோட்டை வாரா வாரம் கையெழுத்து வாங்கி விடுங்கள். கடைசியில் பன்னிரண்டு சோதனைகளையும் ஒரே இரவில் எழுதுகிற பழக்கம் மற்றவர்களுக்கு ஒரு தொல்லை, உங்களுக்கோ அந்த இரவே இருக்காது. அது பெரும்பாலும் ஏதாவது ஊரின் பள்ளி வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் இரவு.

எங்கே எதைப் படிப்பது

மூன்றாவது செமஸ்டரில் எனக்கு எம்3 என்ற கணிதத் தாளில் அரியர் விழுந்தது. டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். படிக்காமல் விழவில்லை. பஸ்ஸில் படித்தேன், அதுதான் தவறு. தீர்த்து வைத்த கணக்கை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனால் எல்லாம் புரிந்தமாதிரி இருக்கும். தேர்வு அறையில் வெள்ளைத் தாளைப் பார்க்கும்போதுதான் கை ஓடவில்லை என்பது தெரியும். ஸ்பைக் அடிப்பதை வேடிக்கை பார்த்தால் ஸ்பைக் வருமா? கணக்கும் அதே மாதிரிதான், கை போட்டுப் பழக வேண்டும்.

அதன் பிறகு பாடங்களை இடத்துக்குத் தகுந்தமாதிரி பிரித்தேன். கணக்கும் சர்க்யூட் சம்பந்தப்பட்டவையும் மேசை, நாற்காலி, வெள்ளைத் தாள் இருக்கும் இடத்தில் மட்டும், பயிற்சி இல்லாத நாள் காலையில். பயணத்தில் இரண்டு மார்க் கேள்விகள். ஒரு தாளுக்குப் பத்து இரண்டு மார்க் கேள்விகள் வரும். யூனிட்டுக்கு இருபத்தைந்து வீதம் சின்னச் சீட்டுகளில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள்வேன். மேட்சுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தில் அணியில் யாராவது ஒருத்தி சீட்டை எடுத்து என்னைக் கேட்பாள். பி.காம். படிக்கிற பிள்ளைகள்கூட எங்களோடு முகாமில் இருந்தபோது நைக்விஸ்ட் வீதம் என்றால் என்னவென்று ஒப்பிப்பார்கள்.

மேட்ச் நாளில் எதையும் புதிதாகப் படிக்க முயலாதீர்கள். ஐந்து செட் ஆடிவிட்டு வந்த மூளைக்குள் ஒன்றும் ஏறாது. அன்றைக்குத் தூங்குங்கள், மறுநாள் பார்க்கலாம்.

நோட்ஸ் விஷயத்தில் வகுப்பு முழுக்கக் கேட்டு அலையாமல் பாடத்துக்கு ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இருந்தவள் ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரி. தினமும் சாயங்காலம் அன்றைய பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பிவிடுவாள். சும்மா வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது அல்லவா? எனக்குச் சர்க்யூட் படம் நேராக வரும், அவளுக்கு வராது. அவள் ரெக்கார்டில் இருந்த படங்களில் பாதி நான் வரைந்தவை.

தூக்கம், சாப்பாடு, மருந்து

காலை ஐந்தரைக்குப் பயிற்சி என்றால் இரவு ஒரு மணி வரை படிப்பது படிப்பைக் கெடுக்கும், ஆட்டத்தையும் கெடுக்கும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்களுக்கு இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்தார்கள். அவர்களின் ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் கூடியது, ஓட்டமும் வேகமானது. நம் ஹாஸ்டலில் பத்து மணி நேரம் நடக்காத காரியம். ஏழரை மணி நேரத்தைக் காப்பாற்றுங்கள், மதியம் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். நான் தேர்வுக் காலத்திலும் பத்தரைக்கு விளக்கை அணைத்தேன். அறைத் தோழிகள் முதலில் கோபித்துக்கொண்டார்கள், பிறகு தலையணையோடு படிப்பு அறைக்குப் போகப் பழகிக்கொண்டார்கள்.

சாப்பாட்டில் பெண் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்காவது செமஸ்டரில் எனக்குப் படிக்க உட்கார்ந்தாலே தலை கிறுகிறுத்தது. இரண்டாவது செட்டிலேயே கால் கனத்தது. படிப்பில் மனம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 9.4. டாக்டர் சொன்ன இரும்புச்சத்து மாத்திரையோடு சில மாதங்களில் சரியாயிற்று, படிப்பும் திரும்பி வந்தது. வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும். மெஸ்ஸில் எது கிடைக்கிறதோ அதன்மேல் தினம் இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல், பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலையும் வாழைப்பழமும். பயிற்சி முடிந்து மெஸ் மூடிவிட்டால் பட்டினி படுக்காதீர்கள். அணியாகச் சேர்ந்து வார்டனிடம் பேசினால் ஐந்து தட்டு எடுத்து வைப்பார்கள். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

மருந்து. இது சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் வாழ்க்கையையே கெடுத்துவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் உள்ள மருந்து, போட்டி இல்லாத நாளிலும் தடைதான். சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎபிட்ரினுக்கும் போட்டி நேரத்தில் அளவுக் கட்டுப்பாடு உண்டு. தெரியாமல் குடித்தேன் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். டாக்டரிடம் முதல் வாக்கியமே "நான் விளையாட்டு வீராங்கனை" என்று இருக்கட்டும். மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்க, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் (நாடா) 'நோ யுவர் மெடிசின்' செயலி இருக்கிறது. தேர்வுக்கு விழித்திருக்க என்று யாராவது மாத்திரை நீட்டினால் கை நீட்டாதீர்கள்.

தேர்வுக்கு முந்தைய பத்து நாள்

ஐந்தாவது செமஸ்டர் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தபோது, பயிற்சியில் பிளாக் போடப் போய் வலது கை நடுவிரல் மடங்கிக்கொண்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் விரல் கத்தரிக்காய்போல வீங்கிவிட்டது. மூன்று மணி நேரம் பேனா பிடிக்க வேண்டும். பேனாவைச் சுற்றி நான்கு சுற்று துணிப் பட்டை போட்டுத் தடிமனாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து எழுதிப் பழகினேன். முதல் தேர்வில் பதினைந்து மதிப்பெண்ணுக்கான கேள்விக்கு எனக்கு நேரமே இல்லை. பதில் முழுதாகத் தெரிந்திருந்தும் எழுத முடியாமல் தாளைக் கொடுத்துவிட்டு வந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆகவே, தேர்வுக்கு முந்தைய பத்து நாள் பந்தோடு மோதும் பயிற்சி வேண்டாம். பிளாக், ஜோடிப் பயிற்சி, மேட்ச் பிராக்டிஸ் மூன்றையும் நிறுத்துங்கள். கபடி, கால்பந்து ஆடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். முழுதாக நிறுத்திவிடவும் வேண்டாம், நாலு சுவருக்குள் அடைந்து கிடந்தால் படிப்பும் ஓடாது. காலையில் நாற்பது நிமிடம் மெதுவோட்டம், உடற்பயிற்சி, சர்வீஸ், அவ்வளவுதான். கோச்சிடம் இதைத் தேர்வு அட்டவணையோடு பதினைந்து நாள் முன்பே சொல்லுங்கள். அன்றைக்கு வந்து சொன்னால் சாக்கு என்று நினைப்பார், முன்பே சொன்னால் பயிற்சியை மாற்றி அமைப்பார்.

அடிபட்டு உட்கார நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். ஆறாவது செமஸ்டரில் கணுக்கால் பிசகி ஆறு வாரம் ஆட முடியவில்லை. முதல் வாரம் அறையை விட்டே வரவில்லை, புத்தகத்தையும் தொடவில்லை. பிறகு கோச் கூப்பிட்டு, "வந்து ஸ்கோர் ஷீட் எழுதும்மா" என்றார். தினமும் அதே நேரத்துக்கு மைதானத்துக்குப் போய் உட்கார்ந்து எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் படித்தேன். நாளின் ஒழுங்கு திரும்பியதும் படிப்பு தானாக வந்தது. எட்டு செமஸ்டரில் எனக்கு அதிக மதிப்பெண் வந்தது அந்த செமஸ்டரில்தான்.

வீட்டில் பேசுவது

அரியர் விழுந்தபோது அப்பா, "இதுக்கு மேல பந்து வேண்டாம்" என்றார். அம்மா ஜமக்காளத் தறியில் உட்கார்ந்திருந்தார், தறியை நிறுத்தாமல், "ஏங்கண்ணு, ரெண்டையும் உன்னால பாக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். இன்ஜினியரிங் படித்துக்கொண்டே ஆடிய வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த், அஸ்வின், லயோலாவில் பி.காம். படித்த ஆனந்த் என்று நான் அடுக்கினேன். அப்பாவிடம் அது எடுபடவில்லை, அவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள் என்றார். பின்னாளில் எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் நான் எடுத்துச் சொல்வது ரேவதி வீரமணியை. மதுரையில் பாட்டி வளர்த்த பெண், லேடி டோக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஓடி, ரயில்வேயில் வேலை வாங்கி, டோக்கியோ ஒலிம்பிக் வரை போனவர். நம் வீட்டைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர் என்றால் அப்பாக்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

வாதம் செய்வதைவிட எழுதிக் கொடுப்பது நல்லது. நான் அந்த சார்ட் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோய், எந்த வாரம் போட்டி, எந்த வாரம் தேர்வு, அரியரை எப்போது எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் காட்டினேன். அடுத்த முடிவு வரும்வரை ஒரு வாய்ப்பு கேட்டேன். அரியர் முடிந்தது, அவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

சில வீடுகளில் நல்ல மனதோடு ஒரு யோசனை சொல்வார்கள்: "தபால்ல படிச்சுக்கோ, நாள் முழுக்கப் பயிற்சி பண்ணலாம்." வேண்டாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆட முழுநேர மாணவராக இருக்க வேண்டும், 25 வயதுக்குள் இருக்க வேண்டும். தொலைநிலைக் கல்விக்கு மாறினால் அந்தக் கதவு மூடிவிடும்.

கிளம்பும் முன் வாங்க வேண்டியவை

இறுதி வருடத்தில் எல்லோரும் பிளேஸ்மென்ட், புராஜெக்ட் என்று ஓடும்போது உங்கள் விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். மத்திய அரசு வேலைக்குப் போட்டியில் கொடுத்த வண்ணச் சான்றிதழ் மட்டும் போதாது. படிவம் 3 என்று ஒன்று இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களுக்கு உரியது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி அதில் கையெழுத்திட வேண்டும். நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடினால் படிவம் 2. பல்கலைக்கழகப் போட்டியில் மூன்றாம் இடத்துக்குள் வந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு, அதனால் இடத்தையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தமிழக அரசு வேலையிலும் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அறிவிப்பில் எந்தப் படிவம், எந்தப் போட்டி, எத்தனை வருடத்துக்குள் என்று வரி வரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அந்தந்த வருடமே கையெழுத்து வாங்குங்கள். அதிகாரி மாறிவிட்டால் புதியவர் பழைய கோப்பைத் தேட வேண்டியிருக்கும். லேமினேட் செய்யாதீர்கள், பின்பக்கம் முத்திரை போட நேரலாம். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் இருக்க வேண்டும். என்னுடையதில் இனிஷியல் ஒன்றில் பெயருக்கு முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தது. அந்த ஓர் எழுத்தைச் சரிசெய்ய நான் பவானியிலிருந்து சென்னைக்கு இரண்டு முறை பஸ் ஏறினேன்.